கிரெடிட் கார்டு பாக்கியும் மிரட்டும் ஏஜென்ட்டும்: போனை வைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்

என் மச்சான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மூன்று வருடங்களுக்கு முன்பு பெட்ரோல் பங்க் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், "வாழ்நாள் முழுக்க இலவசம் சார்" என்று சொல்லி அவர் தலையில் ஒரு கிரெடிட் கார்டைக் கட்டிவிட்டான். ஓடிபி சொல்லி ஆக்டிவேட் செய்ததோடு சரி, கார்டு பீரோவில் தூங்கியது. இரண்டாம் வருடம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி, ஆக 589 ரூபாய் ஏறியது. தகவல் போனதோ அவர் எப்போதோ கைவிட்ட பழைய நம்பருக்கு. லேட் ஃபீ, வட்டி, அவற்றின் மேல் வரி என்று பதினான்கு மாதத்தில் அது ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அப்புறம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவருடைய முதலாளிக்குப் போன். "உங்க அக்கவுண்டன்ட் கடன் வாங்கிட்டு ஓடி ஒளியறாரு சார்."

மச்சான் ஒரு மாதத்துக்கும் மேல் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டபடியே இருந்தார். ஒவ்வொரு முறையும் புதிய குரல், புதிய வாக்குறுதி. "நோட் பண்ணிட்டேன் சார், 48 மணி நேரத்துல கால் பேக் வரும்." வரவில்லை. கடைசியில் அவர் அனுப்பிய ஒரே ஒரு மின்னஞ்சல்தான் வேலை செய்தது. மூன்று வாரத்தில் மொத்தத் தொகையும் திரும்ப வரவு வைக்கப்பட்டது.

அவருக்கு உதவி செய்த காலத்தில் ரிசர்வ் வங்கியின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். போனில் பேசும்வரை நம் கையில் எதுவும் இல்லை. பேச்சைப் பதிவு செய்வதும் அவர்கள்தான், வேண்டாதபோது அது கிடைக்காமல் போவதும் அவர்களிடம்தான். எழுத்தில் வந்துவிட்டால் தேதி இருக்கிறது, கெடு இருக்கிறது, பதில் சொல்லும் கடமை இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் படி: ஸ்டேட்மென்ட்டை எடுத்து உட்காருங்கள்

கோபப்படுவதற்கு முன்னால் கணக்குப் பாருங்கள். பிரச்சினை தொடங்கிய மாதத்திலிருந்து இன்றுவரை எல்லா ஸ்டேட்மென்ட்டுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செலவழித்தது எவ்வளவு, வட்டி எவ்வளவு, லேட் ஃபீ எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு, கேட்காமலே சேர்த்த இன்சூரன்ஸ் மாதிரி சமாசாரங்கள் எவ்வளவு என்று ஒரு நோட்டில் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். பாதி உண்மை இங்கேயே தெரிந்துவிடும்.

பலருக்கும் அதிர்ச்சி தருவது வட்டிக் கணக்கு. ஒரு உதாரணம். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். இது நம் ஊர் கார்டுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய விகிதம்தான். மார்ச் 5-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 8 கடைசி நாள். அன்று 39,000 கட்டிவிட்டு, "ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறீர்கள். அந்த ஆயிரத்துக்குத்தான் வட்டி வரும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. முழுத் தொகையைக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். 40,000 முழுவதற்கும் மார்ச் 5-இல் இருந்து 34 நாள் வட்டியும், மீதி ஆயிரத்துக்கு அதன் பிறகான நாள்களுக்கும் வட்டி போடுவது பல வங்கிகளின் வழக்கம். மொத்தம் ஏறக்குறைய 1,580 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 284 ரூபாய். ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு 1,864 ரூபாய் தண்டம்.

'மினிமம் ட்யூ', அதாவது பில்லில் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் தொகையைக் கட்டினால் போதும் என்று நினைப்பது இதைவிட மோசம். 50,000 பாக்கியில் ஐந்து சதவீதம், 2,500 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதே வட்டியில் மாத வட்டி 1,750, ஜிஎஸ்டி 315. உங்கள் 2,500-இல் அசலுக்குப் போவது 435 ரூபாய். கார்டை ஒரு தடவைகூடத் தேய்க்காமல் இப்படியே ஐந்து சதவீதம் கட்டிக்கொண்டு வந்தால், பாக்கி பாதியாகக் குறையவே ஆறரை வருடம் ஆகும். கந்துவட்டிக்காரரை நாம் திட்டுகிறோம், அவர் இவ்வளவு அழகான ஸ்டேட்மென்ட் தருவதில்லை என்பதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் வட்டி விகிதத்தை எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது உண்மை. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. 'வட்டி அதிகம்' என்ற ஒற்றை வாதம் இப்போது நிற்காது. சண்டை போட வேண்டிய இடங்கள் வேறு. அவை ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த கார்டு விதிகளில் இருக்கின்றன:

- கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் லேட் ஃபீ போடலாம். அதையும் கட்டாமல் விட்ட தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், முழு பில்லை வைத்து அல்ல.
- கட்டாத கட்டணங்கள், வரிகளை அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது.
- நீங்கள் கேட்காமல் ஒரு கார்டைக் கொடுத்து, சம்மதம் இல்லாமல் பில்லும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்ப வேண்டும். அபராதமாக அதைப் போல இரண்டு மடங்கும் உங்களுக்குத் தர வேண்டும்.
- ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு மூடும் வேலையை வங்கியே தொடங்க வேண்டும்.
- மோசடி என்று நீங்கள் மறுத்த பரிவர்த்தனைக்கு, விசாரணை முடியும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது.

மச்சானைக் காப்பாற்றியது நான்காவது. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத கார்டை ஏன் மூடவில்லை என்ற கேள்விக்கு வங்கியிடம் பதில் இல்லை.

இரண்டாம் படி: வங்கிக்கு ஒரு கடிதம்

வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். கஸ்டமர் கேர் முகவரிக்கு அனுப்புங்கள், அதிகாரிக்கும் ஒரு நகல் போடுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள், எளிய வார்த்தைகள் போதும். நீளம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், திட்டும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"என் கார்டின் கடைசி நான்கு இலக்கம் இது. இந்தத் தேதி ஸ்டேட்மென்ட்டில் உள்ள இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை. காரணம் இது. இதற்கான விளக்கத்தையும் ஆவணங்களையும் 30 நாளுக்குள் எழுத்தில் தரவும். புகார் முடியும்வரை இந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டாம், கடன் தகவல் நிறுவனங்களுக்குப் பாக்கிதாரர் என்று தெரிவிக்க வேண்டாம். இனி தொடர்பு எல்லாம் மின்னஞ்சலில் மட்டும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

இதில் முக்கியமான வரிகளுக்குப் பின்னால் விதி இருக்கிறது. பில்லை நீங்கள் மறுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தருவது வங்கியின் கடமை. புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வெறும் தொந்தரவுப் புகார் என்று வங்கி உறுதியாக நினைத்தால் தவிர, கணக்கை வசூல் ஏஜென்சிக்குத் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது. உங்களைப் பாக்கிதாரர் என்று சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதற்கு முன் ஏழு நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கடன் வழக்குப் போட வங்கிக்கு மூன்று வருடக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டோ எழுத்திலோ "ஆமாம், இவ்வளவு பாக்கி" என்று ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாக எண்ணப்படும். அதனால் தகராறில் இருக்கும் தொகையை 'என் பாக்கி' என்று எழுதாதீர்கள், 'நீங்கள் கேட்கும் தொகை' என்று எழுதுங்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பின்னால் கை கொடுக்கும்.

தகராறு இல்லாத பகுதி இருந்தால், அதாவது நீங்கள் உண்மையிலேயே செலவழித்தது இருந்தால், அதைக் கட்டிவிட்டு எழுதுங்கள். சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். பாக்கிக்காக உங்கள் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கும். மாத ஆரம்பத்தில் வீட்டு வாடகைக்கு வைத்த பணம் காணாமல் போன பிறகு கத்திப் பயனில்லை.

மூன்றாம் படி: ஏஜென்ட் போன் செய்தால்

முதலில் பயத்தைக் கழற்றி வைப்போம். கிரெடிட் கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்யாது. "ஸ்டேஷனுக்குக் கேஸ் போயிடுச்சு", "வாரண்ட் ரெடி", "சாயந்திரம் ஜீப் வரும்" எல்லாம் கதை. விதிவிலக்கு இரண்டு. நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு வரலாம். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சம்மதித்த தவணை திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தில் அதே மாதிரிப் பிரிவு உண்டு. அதனால் ஏஜென்ட் "ஒரு செக் மட்டும் குடுங்க சார், மேலிடத்துக்குக் காட்டத்தான்" என்றால் மறந்தும் கொடுக்காதீர்கள். சிவில் பாக்கியைக் குற்ற வழக்காக மாற்றும் கயிறு அது.

அவர்களுக்கான எல்லைக்கோடு தெளிவானது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிப்படி, பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், விண்ணப்பத்தில் நீங்கள் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் கண்டதை அனுப்பக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. ஏஜென்சி செய்வதற்கு எல்லாம் வங்கியே பொறுப்பு. "அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் செல்லாது.

சரி, போன் வந்துவிட்டது. எப்படிப் பேசுவது? மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்து, அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தது இது:

"உங்க பேரு, ஏஜென்சி பேரு, வங்கி உங்களுக்குக் குடுத்த அனுமதிக் கடிதம், மூணையும் என் மின்னஞ்சலுக்கு அனுப்புங்க."

"அதெல்லாம் எதுக்கு சார்? இன்னிக்கு எவ்வளவு கட்டுறீங்க, அதைச் சொல்லுங்க."

"அந்த விவரம் வராம பேச மாட்டேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது. வங்கியில என் புகார் இருக்கு, எண் குறிச்சுக்கங்க."

அவ்வளவுதான். எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், குடும்பக் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். "அடுத்த வாரம் கட்டுறேன்" என்று வாய்க்கு வந்ததையும் சொல்லாதீர்கள், அது அவர்கள் ஏட்டில் வாக்குறுதியாக ஏறும், தவறினால் அடுத்த போன் இன்னும் சூடாக வரும். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். எதிரில் பேசுகிற பையனும் இலக்கு, கமிஷன் என்று மாட்டிக்கொண்டவன்தான். நீங்கள் கெட்ட வார்த்தை பேசினால் அந்தப் பதிவு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

போன் வைத்த கையோடு நோட்டில் தேதி, நேரம், நம்பர், பேசியது என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலாளிக்கோ அம்மாவுக்கோ போன் போயிருந்தால், அவர்கள் வந்த அழைப்பின் விவரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மச்சானின் முதலாளி எழுதித் தந்த மூன்று வரிதான் அவருடைய புகாரிலேயே கனமான பக்கம்.

இன்னொன்று. போலீஸ் சீருடையில் வீடியோ கால் செய்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பயமுறுத்திக் கார்டு பாக்கியைக் கட்டச் சொல்பவன் ஏஜென்ட்கூட இல்லை, திருடன். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஏஜென்ட்டின் சொந்த ஜிபே நம்பருக்குப் பணம் போடாதீர்கள். கட்டுவதென்றால் வங்கியின் செயலியில், கார்டு கணக்கில்.

வீட்டுக்கு வந்துவிட்டால்

வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை, வங்கியின் அனுமதிக் கடிதம், ஏஜென்சி நியமிக்கப்பட்டதாக வங்கி உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல் மூன்றையும் கேளுங்கள். இவற்றை ஏஜென்ட் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் பேச்சே இல்லை. உள்ளே வர உங்கள் அனுமதி வேண்டும். கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது, அதனால் டிவியையோ வண்டியையோ தூக்கிப் போகும் உரிமை யாருக்கும் இல்லை. அடியாள்களை வைத்துக் கடன் வசூலிக்கும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

மிரட்டினாலோ, உள்ளே நுழைந்தாலோ, வீட்டுப் பெண்களிடம் தரக்குறைவாகப் பேசினாலோ 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். அப்புறம் ஸ்டேஷனில் எழுத்துப் புகார். பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351, அத்துமீறி நுழைவதற்கு 329, பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் பேச்சுக்கு 79 என்று பிரிவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் புகார் கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். "பேங்க் மேட்டர்மா, நீங்களே பேசித் தீர்த்துக்கங்க" என்று அனுப்பப் பார்ப்பார்கள். பணத் தகராறைத் தீர்க்கச் சொல்லி வரவில்லை, மிரட்டலுக்குப் புகார் தர வந்திருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்லி, ரசீது வாங்காமல் நகராதீர்கள். அந்த ஒரு துண்டுச் சீட்டின் நகலை வங்கிக்கு அனுப்பினாலே பல இடங்களில் ஆள் வருவது நின்றுவிடுகிறது.

நான்காம் படி: வந்த நோட்டீஸ் எந்த வகை?

கறுப்புக் கோட்டுப் படம் போட்ட வக்கீல் நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்தால் பெரும்பாலும் அது ஒரு நினைவூட்டல்தான். ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள்.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸ், அதாவது லோக் அதாலத், பயப்பட வேண்டியதே இல்லை, சொல்லப்போனால் நல்ல வாய்ப்பு. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அங்கே தீர்ப்பு. தொகை பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். வட்டியைத் தள்ளி அசலைத் தவணையில் கட்ட ஒத்துக்கொள்ள வைக்க, வங்கி அதிகாரி நேரில் உட்காரும் அந்த மேசை நல்ல இடம்.

மத்தியஸ்தம், அதாவது ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வேறு ரகம். இதை அலட்சியம் செய்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டு, அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரியே அமலாகும். எங்கோ தொலைவூரில் இருந்து வந்திருந்தாலும் உடனே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். வங்கி தன் இஷ்டத்துக்கு ஒருவரை மத்தியஸ்தராக நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-இலும் 2024-இலும் ஏற்கவில்லை என்பதை அதில் குறிப்பிடலாம். இங்கேயும், சிவில் கோர்ட் சம்மன் வந்தாலும், வக்கீலைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100. பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்க மாட்டார்கள்.

கோர்ட் தீர்ப்பே எதிராக வந்தாலும் சம்பளம் முழுவதையும் பிடிக்க முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க முடியாது.

ஐந்தாம் படி: ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்

வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் அடுத்த வாசல் இது. 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம், கட்டணம் கிடையாது. இணைய முகவரி சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். சந்தேகம் கேட்க 14448. கணினி கைவராதவர்கள் தமிழிலேயே எழுதி, சண்டிகர் 17-ஆம் செக்டாரில் ரிசர்வ் வங்கி வளாகத்தில் உள்ள மையப் புகார் பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம்.

புகார்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களுக்காக. முதலில் வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே வந்தால் தள்ளுபடி. வங்கி பதில் தந்த பிறகு கெடுவைத் தாண்டி நாளைக் கடத்தினால் தள்ளுபடி. அதே விஷயம் கோர்ட்டில் இருந்தால் தள்ளுபடி. வக்கீல் மூலம் அனுப்பினாலும் தள்ளுபடி, நீங்களோ, நீங்கள் எழுத்தில் அனுமதித்த வக்கீல் அல்லாத ஒருவரோதான் அனுப்ப வேண்டும். எனவே வங்கிக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சலையும் அதன் தேதியையும் முதல் பக்கமாக இணையுங்கள். அதன் பின் ஸ்டேட்மென்ட், போன் பதிவு நோட்டின் பக்கங்கள், ஸ்கிரீன்ஷாட். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தொகையோடு எழுதுங்கள். "நீதி வேண்டும்" என்று எழுதினால் எதைத் தருவார்கள் பாவம்? "இந்த 9,140 ரூபாயை ரத்து செய்யவும், கடன் அறிக்கையைத் திருத்தவும், அலைக்கழிப்புக்கு இவ்வளவு இழப்பீடு தரவும்" என்று எழுதுங்கள். 2021 திட்டத்தில் மன உளைச்சல், நேர விரயத்துக்கு மட்டும் ஒரு லட்ச ரூபாய் வரை தரச் சொல்ல அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு கிடைத்துவிடும் என்று கனவு காண வேண்டாம். புகார் அங்கே பதிவானதும் வங்கியில் உங்கள் கோப்பு மேலிடத்து மேசைக்குப் போகும், உண்மையான பலன் அதுதான்.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. 1915 என்ற உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாள் பிடிக்கும். ஏஜென்ட் தொல்லைக்குப் பெரிய இழப்பீடு கேட்க நினைத்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

உண்மையிலேயே கட்ட முடியவில்லை என்றால்

இதுவரை சொன்னது வங்கி தப்புச் செய்த கதை. வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு, நாலு கார்டில் எடுத்து ஐந்தாவது கார்டுக்குக் கட்டியாகிவிட்டது என்பது வேறு கதை. இதில் வெட்கப்பட்டு ஒளிவதுதான் அதிகச் செலவு பிடிக்கும் வழி.

முதல் வேலை, எல்லாக் கார்டுகளிலும் செலவை நிறுத்துங்கள். பிறகு வீட்டில் சொல்லுங்கள். மனைவிக்குத் தெரியாமல் மறைக்கும்வரை "வீட்டுக்கு வருவோம்" என்ற ஒரு வாக்கியம் ஏஜென்ட்டுக்குப் போதும். வீட்டில் தெரிந்த மறுநாள் அந்த வாக்கியம் செத்துப்போகும். அப்புறம் வங்கிக்கு எழுதி, பாக்கி முழுவதையும் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வருட வட்டி 42-இல் இருந்து 18, 20 ஆக இறங்கினாலே மூச்சு விடலாம். நகைக்கடனில் பணம் எடுத்து கார்டை அடைப்பது பெரும்பாலும் லாபக் கணக்குத்தான், மூழ்காமல் மீட்கும் தெம்பு இருந்தால்.

'செட்டில்மென்ட்' என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார், "ஒரு லட்சத்துக்கு நாற்பதாயிரம் கட்டுங்க, முடிச்சு விடறேன்." இரண்டு விஷயம் யோசியுங்கள். ஒன்று, கடன் அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். வீட்டுக்கடன் கேட்டுப் போகும் அன்று அந்த ஒற்றை வார்த்தை முன்னால் வந்து நிற்கும். முழுத் தொகையைத் தவணையில் கட்ட முடியும் என்றால் அதுவே மேல். இரண்டு, செட்டில்மென்ட்தான் வழி என்றால், வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தொகை, கடைசித் தேதி, 'இதைக் கட்டினால் மீதி எதுவும் இல்லை' என்ற வாசகம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி நாற்பதாயிரம் கட்டிவிட்டு, அதைப் 'பகுதித் தொகை' என்று வரவு வைத்துக்கொண்ட கதைகளுக்குக் குறைவே இல்லை.

கார்டு வைத்திருந்தவர் இறந்துபோனால், பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. எழவு வீட்டுக்கே போன் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

கடைசிப் படி: கார்டை மூடி, அறிக்கையைச் சரிபாருங்கள்

பாக்கி தீர்ந்ததும் 'நிலுவை இல்லை' என்ற சான்றிதழை எழுதிக் கேட்டு வாங்குங்கள். கூடவே கார்டை மூடும் கோரிக்கையையும் அனுப்புங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூட விடாமல் "புதிய ஆஃபர் இருக்கு சார்" என்று இழுப்பவர்களிடம் இந்த 500 ரூபாயை நினைவூட்டினால் குரல் மாறுவதைக் கேட்கலாம்.

பாக்கி தீர்ந்த தகவலை வங்கி 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் இறக்கிப் பாருங்கள், ஒன்றில் சரியாகி மற்றொன்றில் பழையபடி நிற்பது சகஜம். தவறு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே மறுப்புப் பதிவு செய்யலாம். 30 நாளுக்குள் தீராவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சான்றிதழை மட்டும் எங்கேயாவது பத்திரமாக வையுங்கள். மச்சானின் கார்டு மூடப்பட்டு எட்டு மாதம் கழித்து, வேறு ஏதோ ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் குரல், அதே கார்டு, அதே ஒன்பதாயிரத்துச் சொச்சம். மச்சான் பேசவில்லை. "மின்னஞ்சல் முகவரி சொல்லும்மா" என்றார், சான்றிதழை அனுப்பினார், டீ குடிக்கப் போய்விட்டார்.